ஊசித்துளையா, சோன் பிளேட்டா: லென்ஸ் இல்லாமல் படமெடுக்க எது தோது?

ஒரே வாரத்தில் இரண்டு பேர் ஒரே கேள்வியோடு வந்தார்கள். ஒருவர் மார்த்தாண்டம் பக்கத்தில் இயற்பியல் படிக்கும் மாணவி. இறுதியாண்டு புராஜெக்டுக்கு லென்ஸ் இல்லாத கேமரா செய்யப்போகிறார். இன்னொருவர் நாகர்கோவிலில் கல்யாண வீடுகளுக்குப் படமெடுப்பவர். தோவாளைப் பூச்சந்தையை விடியலுக்கு முன்னால், வழக்கமான படம் மாதிரி இல்லாமல் எடுத்துப் பார்க்க ஆசைப்படுகிறார். "சார், ஊசித்துளையா, சோன் பிளேட்டா? ஒண்ண மட்டும் சொல்லுங்க" என்றார் மாணவி. "அண்ணே, எது நல்லா வரும்?" என்றார் கல்யாணப் படக்காரர்.

இரண்டுமே லென்ஸ் இருக்கும் இடத்தில் மாட்டுவது: ஊசித்துளை என்பது தகட்டில் ஊசியால் போட்ட ஒரு சின்னத் துளை, சோன் பிளேட் என்பது ஒன்றுக்குள் ஒன்றாகக் கறுப்பு வட்டங்கள் போட்டு ஒளியைக் குவிக்கும் தகடு. அவர்கள் இருவருக்குமே நான் சொன்ன பதில் வேறு வேறு. ஏன் என்பதை விளக்கத்தான் இதை எழுதுகிறேன்.

அப்பாவின் ஸ்டுடியோவில் மிஞ்சிய டார்க் ரூம் சாமான்களை வைத்துத் தொடங்கியது என் பழக்கம். ஊசித்துளையையும் சோன் பிளேட்டையும் மாறி மாறிப் பயன்படுத்திப் பல வருடமாகிறது. புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் "எது ஷார்ப்பாக வரும்?" என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். கூர்மை பெரும்பாலும் துளைக்குப் பின்னால் வைக்கும் போட்டோ தாளின் அளவைப் பொறுத்தது. அதைப் பிறகு கணக்குப் போட்டே காட்டுகிறேன். துளையா தகடா என்று முடிவு செய்யப் பார்க்க வேண்டியது, நீங்கள் எடுக்கப்போகிற இடத்தில் வெளிச்சம் எவ்வளவு, அது எங்கே குவிந்து கிடக்கிறது என்பதைத்தான்.

## எதை வைத்து எடை போடுவது

முதலாவது நேரம். ஷட்டரை எத்தனை நொடி திறந்து வைக்க வேண்டும்? லென்ஸ் இல்லாத கேமராவில் மற்ற எல்லாம் இதற்குப் பின்னால்தான்.

இரண்டாவது, மங்கலின் தன்மை. இரண்டிலுமே படம் லென்ஸ் படம்போலத் துல்லியமாக வராது. ஆனால் மங்குகிற விதம் வேறு வேறு, அந்த விதம் உங்களுக்குப் பிடிக்க வேண்டும்.

மூன்றாவது, நிறமும் தூரமும். நீலமும் சிவப்பும் ஒரே இடத்தில் குவியுமா? பக்கத்தில் இருக்கும் பொருளும் தூரத்து மலையும் சேர்ந்து தெளிவாக விழுமா?

நான்காவது, செய்கிற பாடு. கடைசியாக, வெளியூர்க்காரர்கள் யோசிக்காத ஒன்று: நம் கடற்காற்று. இரண்டு பருவமழையும் நனைக்கிற, மூன்று பக்கம் உப்புக்காற்று அடிக்கிற ஊரில் எந்தப் பொருள் எத்தனை நாள் தாங்கும் என்பதும் செலவுதான்.

கீழே உள்ள பட்டியல், துளைக்கும் ஃபிலிமுக்கும் (அல்லது சென்சாருக்கும்) இடைத்தூரம் 50 மி.மீ. என்று வைத்துப் போட்டது. ஒளியின் அலைநீளம் 550 நானோமீட்டர், அதாவது பச்சை. மண்டலம் என்பது சோன் பிளேட்டின் ஒரு வட்டம். எஃப் எண் என்பது இடைத்தூரத்தைத் துளையின் விட்டத்தால் வகுத்தது, அது கூடினால் வெளிச்சம் குறையும். ஐஎஸ்ஓ என்பது ஃபிலிமோ சென்சாரோ ஒளியை உணரும் அளவு.

| | ஊசித்துளை | சோன் பிளேட் (9 மண்டலம்) |
|---|---|---|
| விட்டம் | 0.31 மி.மீ. | 1 மி.மீ. |
| வெளிச்சக் கணக்கில் எஃப் எண் | சுமார் 159 | சுமார் 67 |
| நல்ல வெயில், ஐஎஸ்ஓ 100 | 1 நொடி | 1/6 நொடி |
| மங்கல் | எங்கும் ஒரே சீரான மென்மை | கோடு தெளிவு, சுற்றிலும் ஒளிவட்டம் |
| நிறம் | தொந்தரவு இல்லை | நிறத்துக்கு நிறம் குவியம் மாறும் |
| பக்கத்துப் பொருள் | 10 செ.மீ.யில் இருந்தாலும் சரி | சுமார் 90 செ.மீ.க்கு அப்பால்தான் |
| இடைத்தூரம் பிசகினால் | தாங்கும் | 3 மி.மீ. வரை தாங்கும் |
| செய்ய | ஒரு சாயங்காலம் | சில வாரங்கள் |
| கடற்காற்றில் | உலோகம் பூக்கும், சென்சாரில் தூசி ஏறும் | ஃபிலிமில் பூஞ்சை பிடிக்கும் |

## ஊசித்துளை

2010 ஜனவரி 15 அன்று நம் மாவட்டத்தின் மேல் வளையச் சூரிய கிரகணம் கடந்தது. மதியம் ஒரு மணிக்கு மேல், வெயில் சாம்பல் பூத்த மாதிரி ஆனபோது, எங்கள் ஓட்டு வீட்டுத் திண்ணையில் வழக்கமாக விழும் வெளிச்சப் பொட்டுகள் எல்லாம் வளையலாக மாறின. புளியமரத்தடியிலும் அப்படித்தான், நூற்றுக்கணக்கில் வளையல்கள். ஓட்டு இடுக்கும் இலை இடுக்கும் எந்த வடிவத்தில் இருந்தாலும் தரையில் விழுவது சூரியனின் படம் என்பதை அன்றைக்குத்தான் கண்ணால் கண்டேன். மற்ற நாட்களில் தரையில் கிடக்கும் அந்த வட்டமும் சூரியன்தான். துளைக்கும் தரைக்கும் உள்ள உயரத்தில் ஏறத்தாழ 108இல் ஒரு பங்கு அதன் விட்டம். 3 மீட்டர் உயரக் கூரை என்றால் 28 மி.மீ.

கேமராவும் அதே கதைதான். பொருளின் ஒவ்வொரு புள்ளியிலிருந்தும் வரும் ஒளியில் ஒரு மெல்லிய கீற்றை மட்டும் துளை உள்ளே விடுகிறது. துளை பெரிதானால் கீற்று தடித்துப் படம் மங்கும். அப்படியானால் சின்னதாக்கிக்கொண்டே போகலாமே என்று தோன்றும். ஓர் அளவுக்குக் கீழே போனால் ஒளி அலை துளையின் விளிம்பில் வளைந்து விரிய ஆரம்பிக்கும். பாடப்புத்தகத்தில் விளிம்பு விளைவு என்று படித்தது இதுதான். இரண்டு மங்கலும் சமரசமாகும் அளவைத்தான் தேட வேண்டும். 1891இல் லார்டு ரேலி என்ற ஆங்கிலேய இயற்பியலாளர் கொடுத்த கணக்கு இன்றும் போதுமானது: இடைத்தூரத்தையும் அலைநீளத்தையும் பெருக்கி, வர்க்கமூலம் எடுத்து, 1.9ஆல் பெருக்கினால் துளையின் விட்டம். அவருக்கு முன்பே லென்ஸ் கணக்குகளுக்குப் பேர்போன பெட்ஸ்வால் சொன்ன அளவு இதைவிடச் சிறியது, 1.9க்குப் பதில் 1.41. நான் ரேலி பக்கம். துளை கொஞ்சம் பெரிதாக இருப்பதால் வெளிச்சம் கூடும், நேரம் மிச்சமாகும்.

கைக்கு உதவும் சில அளவுகள்: 18 மி.மீ. இடைத்தூரத்துக்கு 0.19 மி.மீ., 45க்கு 0.30, 100க்கு 0.45, 150க்கு 0.55. போட்டோ தாளில் எடுப்பதானால் இன்னும் கொஞ்சம் குறைக்கலாம். தாள் பெரும்பாலும் நீல ஒளியைத்தான் பார்க்கும், நீலத்தின் அலைநீளம் குறைவு. 100 மி.மீ. டப்பாவில் தாள் வைத்தால் 0.40 போதும்.

குளிர்பான கேனை வெட்டி எடுத்த அலுமினியத் தகடு நல்ல பொருள். மணி கோக்கும் மெல்லிய ஊசியால் முனை மட்டும் எட்டிப் பார்க்கும்படி அழுத்தி, பின்பக்கம் கிளம்பும் பிசிறை மிக நைசான உப்புத்தாளால் தேய்த்து, மறுபடி ஊசியால் சுற்றிவிட வேண்டும். ஒரே குத்தில் முடிக்கப் பார்த்தால் துளை நீள்வட்டமாகிவிடும். அளப்பதற்கு ஸ்கேனர் போதும். 2400 டிபிஐயில் (அங்குலத்துக்கு 2400 புள்ளி) ஸ்கேன் செய்தால் 0.3 மி.மீ. துளை குறுக்கே 28 பிக்சல் இருக்கும். எண்ணிப் பார்த்துக்கொள்ளலாம், வட்டமாக இருக்கிறதா என்பதும் தெரிந்துவிடும்.

ஊசித்துளையின் பெரிய பலம் ஆழம். மாத்தூர் தொட்டிப்பாலம் உங்களுக்குத் தெரியும்: பரளியாற்றுக்கு மேல் 115 அடி உயரத்தில், 1240 அடி நீளத்துக்குத் தண்ணீரைக் கொண்டு போகிற பாலம், 1966இல் கட்டி முடித்தது. அதன் தொட்டிச் சுவர்மேல் டப்பாவை வைத்து எடுத்திருக்கிறேன். ஒரு சாண் தூரத்தில் இருக்கும் சிமெண்டுச் சொரசொரப்பும், பாலத்தின் அடுத்த முனையில் நிற்கும் தென்னையும் ஒரே தெளிவில் விழுந்திருக்கின்றன. நேர்கோடு நேர்கோடாகவே விழும். அகலமாக எடுத்தாலும் வளையாது. சிதறால் மலையில் பாறையோடு பாறையாகச் செதுக்கிய தீர்த்தங்கரர் சிற்பங்கள், பத்மநாபபுரம் அரண்மனையின் மரச்சாளரம், இவற்றுக்கெல்லாம் நான் ஊசித்துளையைத் தவிர வேறு எடுத்துப் போவதில்லை. சாம்பல் நிறத்தின் சின்னச் சின்ன ஏற்ற இறக்கம் அப்படியே கிடைக்கும்.

மறைந்திருக்கும் செலவு என்று பார்த்தால் முதலில் முக்காலி. உச்சி வெயிலிலேயே ஒரு நொடி, சாயங்காலம் ஐந்து ஸ்டாப் இறங்கினால் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் பாதியாவது) அரை நிமிடம். ஆரல்வாய்மொழிக் கணவாயில் காற்று முக்காலியோடு சேர்த்து ஆளையே தள்ளும். மண்மூட்டையைத் தொங்கவிடாமல் அங்கே எடுக்க முடியாது. தொல்லியல் துறை பாதுகாக்கும் இடங்களில் முக்காலிக்கு அனுமதி கேட்பார்கள், முன்னாலேயே விசாரித்துக்கொண்டு போக வேண்டும்.

இரண்டாவது தூசி. டிஜிட்டல் கேமராவின் பாடி கேப்பில் (லென்ஸ் இல்லாதபோது கேமராவின் வாயை மூடும் மூடி) துளை போட்டு மாட்டினால், எஃப் எண் 150ஐத் தாண்டும் இடத்தில் சென்சார்மேல் உள்ள ஒவ்வொரு தூசியும் கரும்புள்ளியாகத் தெரியும். துளையோ திறந்தே கிடக்கிறது. சங்குத்துறைக் கடற்கரையில் ஒரு மணி நேரம் எடுத்துவிட்டு வந்து, படத்தில் வானத்தை மட்டும் இரண்டு மணி நேரம் துடைத்துக்கொண்டிருந்த நாள் உண்டு. மூன்றாவது உப்பு. அலுமினியம் சில மாதங்களில் வெள்ளையாகப் பூத்துத் துளையின் விளிம்பைத் தின்னும். பித்தளை பச்சை பிடிக்கும். அதற்கு ஒரு வழிதான்: ஒரே நாளில் நாலைந்து தகடு செய்து காற்றுப் புகாத டப்பியில் போட்டு வைப்பது.

## சோன் பிளேட்

பி.எஸ்சி. புத்தகத்தில் இதை மண்டலத் தகடு என்பார்கள். தகட்டை நடுவிலிருந்து வட்ட வட்டமாகப் பிரிக்கிறோம். ஒரு வட்டத்தின் வழியாக வரும் ஒளிக்கும் அடுத்த வட்டத்தின் வழியாக வரும் ஒளிக்கும் குவியப் புள்ளியில் அரை அலைநீளம் வித்தியாசம் வரும்படி பிரிக்க வேண்டும். எல்லா வட்டத்தையும் திறந்துவிட்டால் அடுத்தடுத்த வட்டங்கள் ஒன்றையொன்று அழித்துவிடும். ஒன்று விட்டு ஒன்றைக் கறுப்பாக்கிவிட்டால், மிச்சமிருப்பவை எல்லாம் ஒரே தாளத்தில் வந்து சேர்ந்து குவியும். கண்ணாடி இல்லை, வளைவு இல்லை, கறுப்பு வெள்ளை வட்டங்கள் மட்டும். ஆனாலும் லென்ஸ் வேலை நடக்கிறது. சோரே என்ற சுவிட்சர்லாந்து அறிவியலாளர் 1875இல் இதை வெளியிட்டார். முதன்முதலில் என் தகட்டின் வழியாக எதிர்வீட்டு ஜன்னல் தாளில் விழுந்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஒளியை அலையாகக் கணக்கிட்ட ஃபிரெனல் என்ற பிரெஞ்சு இயற்பியலாளர் காகிதத்தில் போட்ட கணக்கு, என் கையிலிருந்த அட்டைப்பெட்டிக்குள் படமாக நின்றது.

வட்டங்களின் பரப்பு எல்லாம் சமம். 9 மண்டலத் தகட்டில் 5 திறந்திருக்கும், ஆகவே ஊசித்துளையைவிட ஐந்தரை மடங்கு வெளிச்சம், இரண்டரை ஸ்டாப். ஒரு நொடி ஆறில் ஒரு நொடியாகிறது. இது சின்ன வித்தியாசம் அல்ல. நிமிடத்துக்கு 20 சுற்று சுற்றும் காற்றாலை என்றால், ஒரு நொடியில் அதன் மூன்று இறக்கைகளும் கலந்து வெறும் வட்டப் புகையாகிவிடும். ஆறில் ஒரு நொடியில் இறக்கை இறக்கையாகவே தெரியும், முனை மட்டும் கொஞ்சம் இழுபடும்.

ஆனால் உள்ளே போன ஒளி முழுவதும் படமாவதில்லை. இதைத்தான் விற்பவர்கள் சொல்வதில்லை. தகட்டின் மேல் விழும் ஒளியில் பாதியைக் கறுப்பு வட்டங்கள் தடுத்துவிடும். கால் பங்கு எங்கும் வளையாமல் நேராகப் போய்விடும். சுமார் 10 சதவீதம்தான் குவியத்தில் சேரும். இன்னொரு 10 சதவீதம் விரிந்து சிதறும். மீதி சிறு சிறு குவியங்களுக்குப் போகும். ஆக, தாளில் படத்தை வரைகிற ஒளியைவிட, அதன்மேல் பால் மாதிரி படர்கிற ஒளிதான் அதிகம். சோன் பிளேட் படத்தின் அந்தப் பிரகாச வட்டத்துக்குக் காரணம் இதுதான்.

அதனால் எந்த இடத்துக்கு இது பொருந்தும் என்பதும் தெளிவாகிறது. கன்னியாகுமரிக் கடற்கரையில் நண்பகல் எடுத்தால் வானம், கடல், மணல் எல்லாமே வெளிச்சம். எல்லாவற்றின் சிதறலும் ஒன்றின்மேல் ஒன்று விழுந்து படம் சோறு வடித்த கஞ்சி மாதிரி வெளுத்துவிடும். இருட்டின் நடுவே கொஞ்சமாக வெளிச்சம் இருக்கும் இடத்துக்குப் போங்கள். சுசீந்திரம் பக்கம் தெப்பக்குளத்தில் விளக்கு மிதக்கும் இரவு, திருவள்ளுவர் சிலைக்குப் பின்னால் சூரியன் எட்டிப் பார்க்கும் நிமிடம், கறுத்த மேகத்துக்கு முன்னால் கன்னியாகுமரி மாதா கோவிலின் வெள்ளைக் கோபுரம். ஒவ்வொரு விளக்குக்கும் ஒவ்வொரு வெள்ளைக்கும் ஓர் ஒளிவட்டம் கிடைக்கும். ஊசித்துளையில் சூரியன் அரை மில்லிமீட்டர் பொட்டுதான். சோன் பிளேட்டில் அது காலைப்பொழுதாக விரிகிறது.

அடுத்தது நிறம். சோன் பிளேட்டின் குவியத் தூரம் அலைநீளத்துக்குத் தலைகீழாக மாறும். பச்சைக்கு 50 மி.மீ. என்று செய்த தகடு சிவப்பை 42 மி.மீ.யிலும் நீலத்தை 61 மி.மீ.யிலும் குவிக்கும். கலர் படத்தில் பச்சை தெளிவாக நிற்க, சிவப்பும் நீலமும் விளிம்பில் கசியும். சிலருக்கு அது பிடிக்கிறது, எனக்குக் கறுப்பு வெள்ளையே போதும்.

இதில் பலரும் தடுக்கி விழும் இடம் போட்டோ தாள். தாள் நீலத்தைப் பார்க்கிறது என்று மேலே சொன்னேன். பச்சைக்குச் செய்த தகட்டை மாட்டி, 50 மி.மீ.யில் தாளை வைத்தால் படம் 11 மி.மீ. தள்ளிக் குவிந்துகொண்டிருக்கும். 9 மண்டலத் தகடு தாங்குவது 3 மி.மீ.தான். விழுவது வெறும் மூட்டம். "தகடு கெட்டுப்போச்சு" என்று தூக்கிப் போட்டவர்களை எனக்குத் தெரியும். பெட்டியை 61 மி.மீ. ஆக்கியிருந்தால் போதும், அல்லது 450 நானோமீட்டருக்குத் தகட்டைச் செய்திருக்க வேண்டும்.

சரி, செய்வது எப்படி? 50 மி.மீ. தகட்டின் வட்டங்கள், விட்டத்தில், மி.மீ.யில்: 0.332, 0.469, 0.574, 0.663, 0.742, 0.812, 0.877, 0.938, 0.995. கடைசி வளையத்தின் அகலம் 28 மைக்ரான் (ஒரு மைக்ரான் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). கையால் வெட்ட வழியே இல்லை. நான் முதலில் ஓர் அச்சகத்தில் கொடுத்து ஃபிலிம் எடுத்தேன். அங்கே ஃபிலிமில் அச்சிடும் இமேஜ்செட்டர் கருவி 2540 டிபிஐ. ஒரு புள்ளியே 10 மைக்ரான், வளையத்துக்கு மூன்று புள்ளிகூட வரவில்லை. விளிம்பெல்லாம் ரம்பப்பல். கணக்கை முதலில் போட்டிருந்தால் அந்தப் பணம் மிஞ்சியிருக்கும். 150 மி.மீ. இடைத்தூரத்துக்கு என்றால் கடைசி வளையம் 49 மைக்ரான். அதற்கு அச்சக ஃபிலிம் ஒருவாறு போதும்.

சின்னப் பெட்டிக்குச் சரியான வழி, பெரிதாக அச்சிட்டுப் படம் பிடித்துச் சுருக்குவது. வட்டங்களை 200 மடங்கு பெரிதாக்கினால் 199 மி.மீ., ஏ4 தாளில் கச்சிதமாக அடங்கும். நெகட்டிவில் தலைகீழாகும் என்பதால், திறந்திருக்க வேண்டிய வட்டங்களைக் கறுப்பாக அச்சிட வேண்டும். அதைச் சுண்ணாம்பு அடித்த வெள்ளைச் சுவரில் ஒட்டி, 50 மி.மீ. லென்ஸ் போட்ட பழைய ஃபிலிம் கேமராவால் 10 மீட்டர் தள்ளி நின்று கறுப்பு வெள்ளை ஃபிலிமில் எடுத்தால், நெகட்டிவில் சரியாக 1 மி.மீ. தகடு கிடைக்கும். எங்கள் வீட்டு மொட்டை மாடி இதற்கென்றே அளந்து கட்டியது போல இருந்தது. எக்ஸ்போஷரை மாற்றி மாற்றி ஒரு ரோல் முழுக்க எடுங்கள், கறுப்பு நன்றாகக் கறுக்கும்படி டெவலப்பரில் கூடுதல் நேரம் விடுங்கள். 36இல் மூன்றோ நாலோ தேறும். சுற்றியுள்ள ஃபிலிம் வழியாக வெளிச்சம் கசியாமல், 1 மி.மீ. துளை போட்ட அலுமினியத் தாளை மேலே ஒட்டிவிட வேண்டும்.

வெளிநாட்டுக் கடைகளில் ரெடிமேடாகவும் கிடைக்கிறது. அனுப்பும் கூலியும் சுங்கவரியும் தகட்டின் விலையையே தாண்டிவிடலாம், பார்த்துக்கொள்ளுங்கள். எப்படி வாங்கினாலும் அது ஃபிலிம்தான்: ஜெலட்டினில் நம்மூர் ஈரத்துக்குப் பூஞ்சை வரும். ஒரு தென்மேற்குப் பருவமழை முழுக்க மேசை டிராயரில் கிடந்த என் தகட்டில் வட்டங்களுக்குக் குறுக்கே வேர் ஓடியிருந்தது. இப்போது சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடுதான் வைக்கிறேன். ஒரு நன்மையையும் சொல்ல வேண்டும்: ஃபிலிம் வழியை மூடியே இருப்பதால் கேமராவுக்குள் மணல் போகாது.

## கூர்மை வேண்டுமானால் பெட்டியைப் பெரிதாக்குங்கள்

திருவள்ளுவர் சிலை 133 அடி, அதாவது 40.5 மீட்டர். கரையில் அரை கிலோமீட்டர் தள்ளி நின்று 50 மி.மீ. இடைத்தூரத்தில் எடுத்தால் சிலை 4 மி.மீ. உயரம் விழும். ஊசித்துளையின் மங்கல் 0.3 மி.மீ. என்று வைத்தால் உச்சியிலிருந்து அடிவரை தனித்தனியாகப் பிரித்துக் காணக்கூடியது 13 படிதான். முகம் தெரியாது. சோன் பிளேட்டை மாட்டினால் படி கூடும், ஆனால் பால்மூட்டம் அந்த லாபத்தில் பாதியைத் தின்றுவிடும்.

பெட்டியை 150 மி.மீ. ஆழமாக்கி உள்ளே பெரிய தாள் வைத்துப் பாருங்கள். சிலை 12 மி.மீ.; துளை 0.55 மி.மீ.; இப்போது 22 படி. மூன்று மடங்கு பெட்டிக்கு 1.7 மடங்கு விவரம், ஏனென்றால் துளை வர்க்கமூலத்தில்தான் வளர்கிறது, படம் நேர்விகிதத்தில் வளர்கிறது. ஆகவே விவரம்தான் வேண்டும் என்கிறவர்கள் தகட்டைத் தேடி அலையாமல், பெரிய பிஸ்கட் டின்னைத் தேடினால் போதும். அந்த டின்னில் 100 மி.மீ. ஆழத்தில் தாள் வைத்து வெயிலில் எடுத்தால் அரை நிமிடம் பிடிக்கும். கூட்டம் நடந்து மறைந்து, முக்கடலும் ஆளில்லாமல் விழும். அதுவும் ஓர் அழகு.

## எதில் மாட்டுவது

டிஜிட்டல் பாடி கேப்பில் மாட்டினால் உடனே பார்க்கலாம், தாளும் மருந்தும் வேண்டாம். பாடியின் வாய்க்கும் சென்சாருக்கும் உள்ள தூரம் கேனான் டிஎஸ்எல்ஆரில் 44 மி.மீ., நிக்கானில் 46.5, சோனி மிரர்லெஸில் 18. ஊசித்துளைக்கு மூன்றும் சரி. 18 மி.மீ.க்கு 9 மண்டலத் தகடு செய்தால் கடைசி வளையம் 17 மைக்ரானாகிவிடும். அந்தக் கேமரா வைத்திருப்பவர்கள் சோன் பிளேட்டுக்கு எக்ஸ்டென்ஷன் டியூப் என்ற வெற்றுக் குழாயை இடையில் போட்டுத் தூரத்தைக் கூட்டுவது நல்லது. டின் கேமராவுக்கு டார்க் ரூம் வேண்டும். குழாய்த் தண்ணீர் 28, 30 டிகிரி இருக்கும். டெவலப்பர் புட்டியை ஐஸ் தண்ணீரில் நிறுத்தி 20 டிகிரிக்குக் கொண்டு வர வேண்டும்.

மூன்றாவது சாதனமாக ஃபோட்டான் சல்லடை என்று ஒன்று இருக்கிறது. வளையங்களுக்குப் பதில் அதே இடங்களில் நூற்றுக்கணக்கான சின்னத் துளைகள். ஜெர்மனியில் எக்ஸ் கதிர்களுக்காக உருவாக்கி 2001இல் வெளியிட்டார்கள். ஒளிவட்டம் இன்னும் மென்மையாக இருக்கும். ஆனால் செய்வது சோன் பிளேட்டைவிடக் கடினம், அதனால் முதல் இரண்டையும் பழகியவர்களுக்கு மட்டும்.

## இருவருக்கும் சொன்னது

மாணவிக்கு: ஊசித்துளையில் தொடங்குங்கள். 0.2, 0.3, 0.45, 0.6 என்று நான்கு துளை போட்டு, ஒரே இடைத்தூரத்தில், ஒரே காட்சியை எடுங்கள். ரேலியின் கணக்கு நான்கு படங்களில் கண்ணுக்கு முன்னால் வந்து நிற்கும். புராஜெக்டுக்கு நேரம் மிஞ்சினால் சோன் பிளேட் செய்து, பச்சை, சிவப்பு எல்இடி விளக்குகளின் முன்னால் வைத்து, ஒவ்வொரு நிறமும் எந்தத் தூரத்தில் குவிகிறது என்று அளந்து பாருங்கள். தேர்வாளருக்குக் காட்ட அதைவிட நல்ல சோதனை எனக்குத் தெரியவில்லை.

கல்யாணப் படக்காரருக்கு: சோன் பிளேட். தோவாளையில் விளக்கு வெளிச்சத்தில் உங்கள் லென்ஸ் ஐஎஸ்ஓ 3200, எஃப்/2.8, 1/250 நொடி என்று காட்டினால், அதே ஐஎஸ்ஓவில் ஊசித்துளைக்கு 13 நொடி ஆகும். பூ அள்ளுகிறவர்கள் யாரும் 13 நொடி நிற்க மாட்டார்கள், நிற்கச் சொல்லவும் கூடாது, அது அவர்கள் பிழைப்பு நேரம். 9 மண்டலத் தகட்டில் இரண்டு நொடியைச் சற்றுத் தாண்டும். கைகள் கரைந்து போகும், பிச்சிப்பூக் குவியல் அசையாமல் இருக்கும், விளக்கின் கீழே ஒவ்வொரு குவியலும் தானே ஒளிர்வது போல விழும்.

அவர் மாலை கட்டுகிறவரின் விரல்களைப் பக்கத்திலிருந்து எடுக்க நினைக்கிறார். அதற்கு 9 வேண்டாம், 5 மண்டலத் தகடு போதும். எஃப் எண் 87 ஆகி நேரம் 4 நொடியை நெருங்கும். ஆனால் அரை மீட்டர் தூரத்திலிருந்தே தெளிவாக விழும், நிறக் கசிவும் குறையும். நார் முடிகிற கை நிற்காது, அதனால் விரல் ஆவியாகத்தான் வரும். கட்டி முடித்து மடியில் கிடக்கும் மாலையை நடுவில் வைத்து எடுங்கள் என்றேன். அடுத்த வெள்ளிக்கிழமை அதிகாலை போகிறார். என் 5 மண்டலத் தகட்டைத்தான் கொடுத்திருக்கிறேன், சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு.